கூடும் குடம்பையும் கோசமும்: ஒரு சொற்பொருள் வரலாறு

முன்னுரை

பட்டுப்புழு தன் உடலினின்று சுரக்கும் நீரை நூலாக்கி, அந்நூலால் தன்னைச் சுற்றிலும் ஓர் உறையை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறையை ஆங்கிலம் 'கொக்கூன்' என்கிறது. மலாய்மொழி 'கெப்போம்போங்' என்கிறது. தமிழில் அதனைப் 'பட்டுக்கூடு' என்றோ, வாளா 'கூடு' என்றோ வழங்குகிறோம். ஆனால் பறவை கட்டுவதும் கூடு. தேனீ வாழ்வதும் கூடு. நெல் சேர்ப்பதும் கூடு. உயிர் நீங்கிய உடலும் கூடு. இத்தனை பொருள்களைத் தாங்கி நிற்கும் ஒரு சொல், பட்டுப்புழுவின் உறைக்கு மட்டும் உரிய தனிப்பொருளை எவ்வாறு தருகிறது என்னும் வினா எழுகிறது.

இவ்வினா அகராதி தொகுப்போருக்கு மட்டும் உரியதன்று. திருக்குறளின் ஒரு குறளுக்கு உரை கூறுவதில் உரையாசிரியர்கள் மாறுபட்டதற்கு இச்சொற்பொருளே காரணமாயிற்று. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரும், மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் மொழிபெயர்ப்பவரும் இச்சிக்கலை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். ஆகவே, கூடு, குடம்பை, கோசம் ஆகிய மூன்று சொற்களின் வரலாற்றையும் இலக்கியச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்ந்து, கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் சார்ந்த இன்றைய வழக்கோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'கூடு' என்னும் சொல்

கூடு என்பது திராவிட மொழிகள் பலவற்றிலும் வழங்கும் பழஞ்சொல். மலையாளத்தில் கூடு என்றும், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றில் கூடு என்பதன் முதலெழுத்து மெலிந்தொலிக்கவும் இது வழங்குகிறது. கன்னடத்தில் பட்டுக்கூட்டை 'ரேஷ்மெ கூடு' என்பர். தெலுங்கிலும் பட்டு என்னும் அடையோடு இதே சொல் வழங்குகிறது. ஆக, பட்டுப்புழுவின் உறையைப் பறவையின் உறைவிடத்தோடு ஒப்பவைத்துப் பெயரிடும் முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அண்டை மொழிகளுக்கும் பொதுவானது.

ஒன்றுசேர்தலைக் குறிக்கும் 'கூடு' என்னும் வினைச்சொல்லும், உறைவிடத்தைக் குறிக்கும் 'கூடு' என்னும் பெயர்ச்சொல்லும் ஒருவேர்ப் பிறந்தவையா? பறவைகள் கூடும் இடம் கூடு என்று விளக்கம் கூறுவது எளிது, கேட்பதற்கும் இனிது. எனினும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) இவ்விரண்டையும் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு வேர் காணுதல் கூடாது என்பதற்கு இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

பழைய இலக்கியத்தில் கூடு நெற்களஞ்சியத்தையும் குறித்தது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உழவர்களின் நல்ல இல்லங்களில் உயர்ந்து நிற்கும் கூடுகளைக் காட்டுகிறது. எடுத்து முடியாத நெல்லோடு அவை முதிர்ந்து நின்றன என்பது புலவர் தரும் குறிப்பு. அங்கே கூடு என்பது உயிர் தங்கும் இடமன்று; உணவு தங்கும் இடம்.

பின்னை வழக்கில் இச்சொல் மேலும் விரிந்தது. வண்டியின் மேல் வளைத்துக் கட்டிய மூடி கூடு ஆயிற்று. தசை நீங்கிய என்புகளின் தொகுதி எலும்புக்கூடு ஆயிற்று. நாகூர் கந்தூரியில் சந்தனம் ஏந்தி வரும் அலங்கார ஊர்தி சந்தனக்கூடு என்று பெயர் பெற்றது. மெல்லின எழுத்தேற்ற 'கூண்டு' என்னும் வடிவம், அடைத்துவைக்கும் பொருளைச் சிறப்பாகப் பெற்றது. கிளிக்கூண்டு, நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டு ஆகியவை இதற்குச் சான்று. உள்ளிருக்கும் பொருள் எதுவாயினும், அதனைச் சுற்றி நின்று காக்கும் உட்குடைவான அமைப்பே கூடு என்னும் பொதுப்பொருள் இவை அனைத்திலும் இழையோடுகிறது.

நூலாத கலிங்கம்

பட்டினைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். கரிகாலன் பொருநர்க்குப் பட்டாடை நல்கியதைப் பொருநராற்றுப்படை கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் பட்டினை நீக்கித் துகில் உடுத்தியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நுண்ணிய ஆடை நெய்யும் காருகர் வாழ்ந்த பகுதியைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டுகிறது.

இவற்றுள் நம் ஆய்வுக்கு மிகவும் வேண்டுவது பதிற்றுப்பத்தில் வரும் ஒரு தொடராகும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடிய இரண்டாம் பத்தில், 'நூலாக் கலிங்கம்' என்று ஓர் ஆடை குறிக்கப்படுகிறது. நூற்கப்படாத நூலால் ஆகிய ஆடை, அதாவது பட்டு, என்று பழைய உரை இதற்குப் பொருள் காண்கிறது.

இத்தொடரின் நுட்பம் பட்டு உருவாகும் முறையை அறிந்தாலன்றி விளங்காது. பருத்தியின் இழைகள் குறுகியவை. அவற்றைத் திரித்து முறுக்கி நூற்றாலன்றி நூல் கிடைக்காது. பட்டுக்கூடோ ஏறத்தாழ 600 முதல் 1,500 மீட்டர் வரை நீளும் ஒரே இழையால் ஆனது. பட்டுப்புழு தன் தலையை எட்டு வடிவில் அசைத்தசைத்து இரண்டு மூன்று நாள்களில் அவ்விழையைச் சுற்றி முடிக்கிறது. கூட்டை வெந்நீரில் இட்டு, இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையை இளக்கி, இழையின் நுனியைக் கண்டு இழுத்தால் நூல் தானே பிரிந்து வருகிறது. மனிதன் இங்கே நூற்பவன் அல்லன். புழு சுற்றியதை மீளப் பிரிப்பவன் மட்டுமே. 'நூலாக் கலிங்கம்' என்ற இரு சொற்கள் இத்தொழில்நுட்ப வேறுபாட்டைச் செறிவாகச் சுட்டிவிடுகின்றன.

எல்லாப் பட்டும் இவ்வாறு பிரித்தெடுக்கப்படுவதில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். வடகிழக்கு இந்தியாவின் எரி பட்டு, ஒருபுறம் திறந்த கூட்டினின்று பருத்தியைப் போல் நூற்கப்படுகிறது. அரப்பாவிலும் சானுதாரோவிலும் கிடைத்த நுண்ணிய இழைகள் காட்டுப்பட்டு இழைகள் என்று 2009-இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவை கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. எனவே, பட்டு என்பது சீனத்திலிருந்து மட்டும் வந்த பொருள் என்னும் பழைய கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. ஆயினும் மல்பெரி இலை உண்ணும் வளர்ப்புப் பட்டுப்புழுவின் தாயகம் சீனமே என்பதில் ஐயமில்லை.

சங்கப் புலவர்கள் பட்டாடையைக் கண்டனர். அது நூற்கப்படாதது என்பதையும் அறிந்திருந்தனர். ஆனால் மேற்கண்ட இடங்களில் எல்லாம் பேசப்படுவது ஆடையே அன்றிப் பட்டுக்கூடு அன்று. பொருள் முன்னே வர, அதன் பிறப்பிடம் பின்னே அறியப்படுவது வணிகப் பண்டங்களின் வரலாற்றில் இயல்பு.

கோசமும் கோசிகமும்

பட்டுக்கூட்டுக்கு வடமொழி வழங்கும் சொல் கோசம். உறை, வாளுறை, பெட்டகம், கருவூலம், மொட்டு, பட்டுக்கூடு என்று இதன் பொருள் விரியும். கோசத்திலிருந்து வருவது 'கௌசேயம்', அதாவது பட்டு. இவ்வாக்கத்திற்குப் பாணினியின் இலக்கணம் தனி விதியே வகுத்துள்ளது. அர்த்தசாத்திரம் கௌசேயத்தையும் சீனப்பட்டையும் உடன்வைத்துக் கூறுகிறது. பட்டுப்புழுவுக்குக் 'கோசகாரம்', கோசத்தைச் செய்வது, என்பது பெயர்.

தமிழில் கௌசேயம் 'கோசிகம்' என்று வடிவம் பெற்றது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தரும் ஆடைவகைப் பட்டியலில் கோசிகம் இடம்பெறுகிறது. ஆடையின் பெயராகத் தமிழுக்கு வந்த கோசிகம் காலப்போக்கில் வழக்கொழிந்தது. கோசம் என்னும் அடிச்சொல்லோ வேறு வழிகளில் தமிழில் நிலைபெற்றது. அன்னமய கோசம் முதலாகிய ஐந்து கோசங்கள் என்று வேதாந்த நூல்கள் கூறும்பொழுது, ஆன்மாவைச் சூழ்ந்த ஐந்து உறைகள் என்பது பொருள். சொற்களின் கருவூலம் என்னும் பொருளில் அகராதிக்கும் நிகண்டுக்கும் அது பெயராயிற்று. அமரகோசம் வடமொழியில் புகழ்பெற்ற நிகண்டு. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் வெளியிட்ட தமிழ்த் தொகுப்புநூலின் பெயர் 'அபிதான கோசம்'.

இங்கே ஓர் ஒப்புமை கருதத்தக்கது. வடமொழி மரபு சொற்களின் தொகுதியைக் கருவூலம் என்றது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட அறிவுத்தொகுப்புக்குக் 'கலைக்களஞ்சியம்' என்று பெயரிட்டது. ஒன்று பொன் சேர்க்கும் இடம். மற்றொன்று நெல் சேர்க்கும் இடம். அரசின் உறுப்புகளைக் கூறும்பொழுதும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அர்த்தசாத்திரம் ஏழு உறுப்புகளுள் ஒன்றாகக் கோசத்தைக் கூறுகிறது. திருக்குறள் ஆறு உறுப்புகளுள் ஒன்றாகக் கூழைக் கூறுகிறது. கூழ் என்பதற்குப் பொருள் என்றே பரிமேலழகர் உரை கண்டாலும், அச்சொல்லின் முதற்பொருள் உணவே. பெரும்பாணாற்றுப்படையின் நெற்கூட்டுக்கும் இன்றைய கலைக்களஞ்சியத்துக்கும் இடையே இப்படியொரு நீண்ட தொடர்ச்சி உண்டு.

குடம்பை: உரையாசிரியர் இருவர்

உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு எத்தகையது என்பதற்குத் திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் (குறள் 338) ஓர் உவமை கூறுகிறார். குடம்பை தனித்துக் கிடக்க, அதனினின்று பறவை பறந்து சென்றாற் போன்றது அந்நட்பு என்பது அதன் கருத்து. இங்குக் குடம்பை என்பது யாது?

உரையாசிரியர்களுள் காலத்தால் முந்தியவராகக் கருதப்படும் மணக்குடவர் அதனைக் கூடு என்று கொண்டார். பரிமேலழகர் அதனை முட்டை என்று கொண்டார். அதனோடு அமையாமல், கூடு என்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்களையும் காட்டினார். முதலாவது, கூடு பறவையோடு உடன் தோன்றுவதன்று. முட்டையோ கருவோடு உடன் தோன்றுவது. இரண்டாவது, கூட்டைவிட்டுச் சென்ற பறவை அதனுள் மீண்டும் புகும். முட்டையைவிட்டு வெளிவந்த பறவை அதனுள் மீண்டும் புகாது. உயிர் நீங்கிய உடம்பில் அவ்வுயிர் மீண்டும் புகுவதில்லை. ஆதலால் உவமைக்கு முட்டையே ஏற்றது என்பது அவர் துணிபு.

இவ்விளக்கம் ஒரு குறளுக்குப் பொருள் காண்பதோடு நின்றுவிடவில்லை. உறைவிடங்களை வகைப்படுத்த இரண்டு அளவைகளை அது நமக்குத் தருகிறது. உடன் தோன்றுவதா, பின்னர்ச் செய்யப்படுவதா என்பது ஒன்று. மீண்டும் புகத்தக்கதா, அன்றா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்தால் நான்கு வகைகள் கிடைக்கும்.

பின்னர்ச் செய்யப்பட்டு மீண்டும் புகத்தக்கது பறவைக்கூடு. உடன் தோன்றி மீண்டும் புகத்தகாதது முட்டை. உடன் தோன்றி, புகவும் வெளிவரவும் இடம் தருவது நத்தையின் ஓடு. நான்காவதாக, பின்னர்ச் செய்யப்பட்டும் மீண்டும் புகத்தகாததாக நிற்பது எது? அதுவே பட்டுக்கூடு. பறவைக்கூட்டைப் போல அது முயன்று கட்டப்படுகிறது. முட்டையைப் போல அது ஒருமுறையே விடப்படுகிறது. கட்டும் பொருளைப் பறவை புறத்தேயிருந்து கொணர்கிறது. பட்டுப்புழுவோ தன் உடலிலிருந்தே எடுக்கிறது. இவ்வாறு நோக்கினால், பட்டுக்கூடு என்பது கூட்டுக்கும் முட்டைக்கும் இடைப்பட்ட தனிவகை என்பது தெளிவாகும்.

அதுகொண்டு குறளின் குடம்பைக்குப் பட்டுக்கூடு என்று புதிய உரை காண முற்படுதல் பொருந்தாது. குறள் பறவையைக் கூறுகிறது, புழுவை அன்று. மேலும் வளர்ப்புப் பட்டுப்பூச்சி சிறகிருந்தும் பறக்க இயலாதது. ஆயினும், குடம்பை என்ற சொல் பறவையோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு வேறொரு நூலில் சான்று உண்டு.

உலண்டு தரும் உவமை

பட்டுப்புழுவுக்குத் தமிழில் உலண்டு என்று ஒரு பெயர் உண்டு. கோற்புழு என்றும் கூறுவர். இடைக்கால நூலாகிய கல்லாடம் இவ்வுலண்டினை உவமையாக ஆள்கிறது. தான் செய்யும் குடம்பையை நூலால் பின்னி, வெளியேறும் வழியை அமைக்காமல் உள்ளேயே உயிர்விடும் உலண்டு அங்குப் பேசப்படுகிறது. குறளில் பறவையோடு நின்ற அதே குடம்பை இங்கே பட்டுப்புழுவின் உறையாகிறது. பட்டுக்கூட்டைக் குறிக்கத் தமிழில் ஓர் இலக்கியச் சொல் இருந்தது என்பதற்கு இது வலுவான சான்று.

தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் புழு என்னும் இக்கருத்து இந்திய இலக்கியங்களில் பரவலாகக் காணப்படுவது. மகாபாரதத்தின் சாந்தி பருவம் வினையால் கட்டுண்ட மனிதனைக் கோசகாரத்துக்கு ஒப்பிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னடத்தில் வசனம் பாடிய அக்கமகாதேவி, தன் உடற்சாரத்தால் வீடு கட்டி அதனுள்ளேயே மடியும் பட்டுப்புழுவைத் தம் நிலைக்கு உவமையாக்கினார். இவ்விடங்களில் எல்லாம் பட்டுக்கூடு பாதுகாப்பின் அடையாளமாக வரவில்லை. கட்டுண்டு அழிதலின் அடையாளமாகவே வருகிறது.

இயற்கையில் புழு கூட்டினுள் இறப்பதற்கு மாறாக, சிறகு பெற்று, ஒருவகை நீரைச் சுரந்து கூட்டைத் துளைத்து வெளிவருகிறது. அவ்வாறு வெளிவந்தால் இழை அறுபடும். நீண்ட நூல் கிடைக்காது. ஆதலால் பட்டுத் தொழிலில் கூட்டினுள் இருக்கும் உயிரை ஆவியாலோ வெப்பக் காற்றாலோ கொன்றுவிடுகின்றனர். எனவே, கூட்டினுள் மடியும் புழு என்னும் உவமை காட்டு வாழ்க்கையைவிடப் பட்டுத் தொழிலின் நடைமுறைக்கே நெருங்கிய காட்சி எனலாம்.

மேலைநாட்டுச் சிந்தனை வேறு திசையில் சென்றது. 'கொக்கூன்' என்னும் சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் பிரான்சின் தென்பகுதியில் வழங்கும் புரோவென்சால் மொழியில் ஓட்டைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அது இதமான பாதுகாப்பு என்னும் பொருளைப் பெற்றது. 1981-இல் அமெரிக்கரான ஃபெய்த் பாப்கார்ன், மக்கள் புறவுலகத் தொல்லைகளிலிருந்து ஒதுங்கி வீட்டினுள் அடங்கும் போக்குக்கு இச்சொல்லிலிருந்து ஒரு பெயரை உருவாக்கினார். 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றின்பொழுது அயர்லாந்து அரசு, 70 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நெறிமுறைக்கு இச்சொல்லையே ஆண்டது. ஒரே பொருளைக் கண்ட இரண்டு மரபுகளுள் ஒன்று அதனைச் சிறை என்றது. மற்றொன்று அரண் என்றது. மொழிபெயர்ப்பாளர் இதனை மறந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கருத்தே தலைகீழாகிவிடும்.

மலாய்மொழியோடு ஓர் ஒப்பீடு

நாம் வாழும் சூழலில் மலாய்மொழியையும் இங்கு ஒப்புநோக்குதல் பயனுடையது. தமிழில் கூடு என்னும் ஒருசொல் தாங்கும் பொருள்களை மலாய் பல சொற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பறவைக்கூடும் தேன்கூடும் 'சாராங்', அடைக்கும் கூண்டு 'சங்கார்', வாளின் உறை 'சாருங்', பட்டுக்கூடு 'கெப்போம்போங்'. ஆகவே மலாய் பேசும் மாணவனுக்குப் பறவைக்கூடும் பட்டுக்கூடும் ஒன்றெனத் தோன்ற வழியில்லை. தமிழ் மாணவனுக்கு அடைமொழியே துணை.

பட்டுக்கு மலாய் வழங்கும் 'சுத்ரா' என்னும் சொல் வடமொழியின் சூத்திரம், அதாவது நூல், என்பதிலிருந்து வந்தது. அதே சூத்திரம் தமிழில் நூற்பாவைக் குறிக்கிறது. ஒரே சொல் ஒரு மொழியில் ஆடையாகவும் மற்றொரு மொழியில் இலக்கணமாகவும் ஆகியிருப்பது வியப்பன்று. தமிழிலேயே 'நூல்' என்பது இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. ஏட்டுக்கு நூல் என்ற பெயர் வந்த காரணத்தை விளக்கும் நன்னூல், பஞ்சைக் கொண்டு இழை நூற்பதையே உவமை ஆக்குகிறது. நூற்கப்படாத பட்டு அவ்வுவமைக்கு இடம் தராது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

நம் பள்ளிகளில் மாணவர் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொல் ஒன்றிலும் கோசம் மறைந்துள்ளது. சொல்வளத்தை மலாய் 'கோச காத்தா' என்கிறது. அதன் முற்பகுதி கருவூலம் எனப் பொருள்படும் கோசமே. பட்டுக்கூட்டுக்கும் பாடப்புத்தகத்தின் சொற்பட்டியலுக்கும் ஒரே பெயர் என்பதை மாணவர்க்குக் கூறினால், மொழிகளின் உறவு குறித்த ஆர்வம் அவர்களிடையே தானே எழும்.

கெப்போம்போங் என்னும் சொல்லுக்கு மலாயில் உருவகப் பொருளும் உண்டு. குறுகிய எல்லைக்குள் அடங்கியிருப்போரை, அவ்வுறையைவிட்டு வெளியே வருமாறு அழைப்பது மேடைப் பேச்சிலும் நாளிதழிலும் காணும் வழக்கு. இதனைத் தமிழில் 'கூட்டைவிட்டு வெளியே வாருங்கள்' என்று பெயர்த்தால் பொருள் பிறழும். ஏனெனில் தமிழில் கூடு என்றவுடன் முதலில் தோன்றுவது, மாலையில் பறவை திரும்பிவரும் இல்லமே. கூடு திரும்புதல் என்பது நமக்கு இனிய தொடர். கூட்டை இழத்தல் என்பது துயரம். குறுகிய எல்லையைச் சுட்டத் தமிழில் 'கிணற்றுத் தவளை' என்னும் மரபுத்தொடர் ஏற்கெனவே இருக்கிறது. கருத்து வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாயின், 'புழுவாகவே இருந்துவிடாமல் சிறகு பெற்று வருக' என்னும் முறையில் உவமையை விரித்துக் கூறலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்கு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் மஸ்ஜித் இந்தியா, கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா ஆகிய இடங்களில் உள்ள சேலைக்கடைகள் பட்டு என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகின்றன. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய தமிழர் குடியேற்றத்தால் வளர்ந்த பகுதி. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியத் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் வருகையின்பொழுது அது 'லிட்டில் இந்தியா' என அறிவிக்கப்பெற்றது. திருமணப் பட்டும் இலங்கைத் தமிழரின் கூறைச்சேலையும் இங்கே விலைபேசப்படுகின்றன.

ஆனால் கடை வழக்கில் பட்டு என்னும் சொல் பட்டுக்கூட்டிலிருந்து விலகி வந்துவிட்டது. பளபளப்பும் சரிகைக் கரையும் கொண்ட செயற்கை இழைச் சேலையும் 'ஆர்ட் சில்க்' என்றும், பட்டு என்றும் பெயர் பெறுகிறது. இதனால் உண்மையான பட்டினைச் சுட்ட 'அசல் பட்டு', 'சுத்தப் பட்டு' என்று அடை சேர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இந்தியாவில் 2004-இல் 'சில்க் மார்க்' என்னும் முத்திரை தோன்றியதற்கும் இச்சொற்பொருள் மயக்கமே காரணம். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருந்தாலும், அதன் இழைக்குரிய கூடுகள் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருபவை. அம்மாநிலத்தின் இராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. தமிழகத்தில் தருமபுரியிலும் அத்தகைய அங்காடி உண்டு. பட்டினை உடுத்தும் மலேசியத் தமிழருள் பட்டுக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சிலரே இருப்பர்.

வகுப்பறையில் இச்சொல்லின் நிலை இன்னும் கருதத்தக்கது. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகள் உட்பட நாட்டின் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே படிப்படியாகத் தமிழ் மீண்டது. 2016-இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தால், சில பள்ளிகளில் பயிற்றுமொழி குறித்த வினா மீண்டும் எழுந்தது. கொள்கைகளின் நன்மை தீமைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அறிவியல் சொல் ஒன்று ஒரு தலைமுறையின் நாவில் தமிழாகப் பழகாமல் போனால், அதன் பின்னால் நிற்கும் குடம்பையும் உலண்டும் அவர்களுக்கு அயலாகிவிடும் என்பதை மறுக்க இயலாது.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு நிலைகளைக் கூறுகிறோம். இங்கே ஒரு தெளிவு வேண்டும். பட்டுப்பூச்சி இனத்தின் புழு இழையால் கூடு சுற்றி, அதனுள் கூட்டுப்புழு ஆகிறது. வண்ணத்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை அவ்வாறு கூடு சுற்றுவதில்லை. புழு தன் மேல்தோலை உரிக்க, அதன்கீழ் இருந்த உடலின் புறத்தோலே இறுகிக் காப்பாகிறது. அதாவது, பட்டுப்பூச்சிக்குக் கூடு வேறு, கூட்டுப்புழு வேறு. வண்ணத்துப்பூச்சிக்குக் கூட்டுப்புழு உண்டு, கூடு இல்லை. வழக்கில் நிலைத்த 'கூட்டுப்புழு' என்னும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கி, வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூட்டிலிருந்து வருவதாக மாணவர் எழுதுவதைத் தவிர்க்கலாம். 'பட்டாம்பூச்சி' என்னும் பெயரும் இம்மயக்கத்துக்கு இடம் தருவதே.

இதனைத் தெளிவுபடுத்தப் பரிமேலழகரின் இரண்டு அளவைகளே ஆசிரியர்க்குக் கருவியாகும். பறவைக்கூடு, பட்டுக்கூடு, முட்டை, நத்தை ஓடு ஆகிய நான்கின் படங்களைக் காட்டி, 'இது உடலோடு தோன்றியதா, பின்னர்ச் செய்யப்பட்டதா? விட்டுச் சென்ற உயிர் மீண்டும் உள்ளே வருமா?' என்று வினவலாம். மாணவர் தாமே வகைப்படுத்துவர். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு உறை இவற்றுள் முட்டையின் பக்கமே சேரும் என்பதையும் அவர்களே கண்டறிவர். அறிவியல் பாடமும் குறள் பாடமும் ஒரே வகுப்பில் இணைவதற்கு இஃது ஒரு வாய்ப்பு.

முடிவுரை

பட்டுக்கூட்டைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை இதுவரை கண்டவற்றால் பின்வருமாறு தொகுக்கலாம். தமிழர் முதலில் பட்டாடையை அறிந்து, அது நூற்கப்படாதது என்னும் உண்மையைப் பெயரிலேயே பதித்தனர். கோசிகம் என்னும் சொல் ஆடையின் பெயராய் வந்து மறைந்தது; கோசம் கருவூலமாகவும் சொற்றொகுதியாகவும் நிலைத்து, மலாய்மொழியிலும் வாழ்கிறது. குடம்பை என்னும் சொல் கல்லாடத்தில் பட்டுப்புழுவின் உறையைத் தெளிவாகக் குறித்தும், பொதுவழக்கில் நிலைக்கவில்லை. திராவிட மொழிகளுக்குப் பொதுவான கூடு என்னும் சொல்லே இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

கூடு பொதுச்சொல் என்பது குறையன்று. அதனை அடையின்றி வழங்கும்பொழுது மீண்டு வருதற்குரிய இல்லத்தையும், மீளாது நீங்குதற்குரிய உறையையும் வேறுபடுத்த இயலாது போவதே குறை. இவ்வேறுபாட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் உரையாசிரியர் இரண்டு காரணங்களால் வரையறுத்துத் தந்துள்ளார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பட்டுக்கூடு, பறவைக்கூடு, கூட்டுப்புழு என்னும் சொற்களை அடையோடு வேறுபடுத்தி வழங்குவதும், உயர்வகுப்பில் குறள் 338-ஐக் கற்பிக்கையில் மணக்குடவர், பரிமேலழகர் ஆகிய இருவர் உரைகளையும் உடன்வைத்துக் காட்டுவதும் பயன்தரும். அவ்வாறு செய்யின், மாணவர் ஒரு சொல்லின் பொருளோடு, பொருளை வரையறுக்கும் முறையையும் கற்றவராவர்.